கோலிஃபார்ம் சோதனை: மீடியா கேட்கும் கேள்வியும் தண்ணீர் சொல்லும் பதிலும்

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் அடித்து ஓய்ந்த மறுநாள், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மேல் உறை வரைக்கும் ஏறியிருந்தது. சாம்பிள் எடுக்கப் பாட்டிலோடு போய் நின்றேன். "கண்ணாடி மாதிரி இருக்குப்பா, இதுக்குப் போய் டெஸ்ட்டா?" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. வாசனை இல்லை, கலங்கல் இல்லை, வாயில் விட்டால் இனிப்பு.

அந்தத் தண்ணீரை அன்றைக்குச் சாயங்காலமே பதினைந்து கண்ணாடிக் குழாய்களில் பிரித்து விட்டேன். முதல் ஐந்து குழாய்களில் 10 மில்லி, அடுத்த ஐந்தில் 1 மில்லி, கடைசி ஐந்தில் 0.1 மில்லி. எல்லாவற்றிலும் கத்தரிப்பூ நிறத்தில் மெக்கான்கி திரவம், கிருமி வளர்வதற்கான சாப்பாடு. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விரல் நுனி நீளத்தில் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும். அதற்கு டர்ஹாம் குழாய் என்று பெயர். இன்குபேட்டரில் 37 டிகிரியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கதவைத் திறந்தபோது முதல் ஐந்தும் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருந்தன. குட்டிக் குழாய்களின் தலையில் வெள்ளைக் குமிழி. இரண்டாவது வரிசையில் மூன்று மஞ்சள், இரண்டு கத்தரிப்பூ. கடைசி வரிசை அப்படியே இருந்தது.

மாறிய குழாய்களை வைத்துக் கிருமியின் அளவைச் சொல்லும் அட்டவணையில் 5-3-0 என்ற வரிசைக்கு நேராகப் பார்த்தால் 100 மில்லிக்குச் சுமார் 80 கோலிஃபார்ம் (குடலில் வாழும் சில பாக்டீரியாக்களும் அவற்றின் உறவினங்களும்) என்று வரும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்வது, எந்த 100 மில்லியிலும் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று.

இந்தக் கணக்கையும் நிறமாற்றத்தையும் விட, அந்தக் கத்தரிப்பூத் திரவம் என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோலிஃபார்ம் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிற பலரும் தண்ணீரில் இருப்பதையெல்லாம் யாரோ எண்ணிப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். யாரும் எண்ணவில்லை. வளர்ப்பு ஊடகம், லேபில் நாங்கள் 'மீடியா' என்று சொல்வது, தண்ணீரிடம் குறிப்பிட்ட சில கேள்விகளை மட்டும் கேட்கிறது. ரிப்போர்ட்டில் இருப்பது அந்தக் கேள்விகளுக்கான பதில். கேள்வி என்னவென்று தெரியாமல் பதிலைப் படித்தால் தேவையில்லாமல் பயப்படுவோம், இல்லையென்றால் தேவையில்லாமல் நிம்மதி அடைவோம்.

சரி, காலரா, டைஃபாய்டு கிருமிகளையே நேராகத் தேடலாமே, ஏன் கோலிஃபார்மைச் சுற்றிப் போக வேண்டும்? நோய்க்கிருமி தண்ணீரில் எப்போதும் இருப்பதில்லை. ஊரில் நோயாளி இருந்து, அவர் மலம் தண்ணீரில் கலந்தால்தான் இருக்கும். அப்போதும் கொஞ்சமாக இருக்கும், இன்றைக்கு இருந்து நாளைக்கு இல்லாமல் போகும். ஆரோக்கியமான மனிதனின் குடலிலோ கோலிஃபார்ம்களில் ஒன்றான ஈ.கோலை கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. தியோடர் எஷெரிக் என்ற மருத்துவர் மியூனிக்கில் பச்சைக் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 1885-ல் அதை விவரித்தார். பின்னாளில் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். தண்ணீரில் அது இருந்தால் மலம் வந்து சேர வழி இருக்கிறது என்று அர்த்தம். அந்த வழியில் நாளைக்கு டைஃபாய்டும் வரலாம். அந்த வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை.

1892-ல் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனாவில் பாதிப்பு மிகக் குறைவு. இரண்டு ஊரும் குடித்தது எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான். ஆல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்தது, ஹாம்பர்க்கில் இல்லை. தண்ணீரைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியது அதன் பிறகுதான். ஆனால் என்ன வைத்துச் சோதிப்பது? ஒரு சொட்டு ஆற்றுத் தண்ணீரைச் சாதாரண மாட்டிறைச்சிச் சாற்றில் விட்டால் மண்ணில் வாழ்வது, இலையில் வாழ்வது, பாசியில் வாழ்வது எல்லாம் சேர்ந்து வளரும். அந்தக் கூட்டத்தில் குடலிலிருந்து வந்தது எது என்று கண்டுபிடிப்பது கோயில் திருவிழாவில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிற கதை.

இங்கேதான் ஆல்ஃபிரட் மெக்கான்கி வருகிறார். பிரிட்டனில் சாக்கடை நீரை என்ன செய்வது என்று ஆராய 1898-ல் ஒரு அரசக் குழு அமைத்தார்கள். அதற்காக லிவர்பூலில் வேலை செய்த மருத்துவர் இவர். இவருடைய யோசனை எளிமையானது. குடலில் வாழ்கிற உயிரிக்கு எது பழக்கமோ, வெளியே வாழ்கிற உயிரிக்கு எது பகையோ, அதைச் சாப்பாட்டில் கலந்து வைத்துவிடுவது. அந்தப் பொருள் பித்தம். கல்லீரல் சுரந்து குடலில் கொட்டுகிற பித்தநீர் கொழுப்பைக் கரைக்கும், சோப்பைப் போல. பாக்டீரியாவின் மேலுறையும் கொழுப்புதான் என்பதால் பெரும்பாலானவற்றை அது கரைத்துக் கொன்றுவிடும். குடலில் வாழும், கிராம் நெகட்டிவ் என்று சொல்லும் வகைகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு கவசம் மாதிரி இருக்கிறது. அவை பித்தத்திலேயே குளித்து வளர்ந்தவை. ஆக, பித்த உப்பு கலந்த மீடியா கேட்கும் முதல் கேள்வி: "நீ குடலில் வாழ்ந்து பழகியவனா?"

இரண்டாவது கேள்வியை லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை கேட்கிறது. கோலிஃபார்ம்கள் லாக்டோஸை உடைத்து அமிலமும் வாயுவும் உண்டாக்கும். டைஃபாய்டு தரும் சால்மோனெல்லாவும் சீதபேதி தரும் ஷிகெல்லாவும் பொதுவாக அதைத் தொடுவதில்லை. அமிலம் உண்டானால் கண்ணுக்குத் தெரிய ஒரு சாயம் வேண்டும். முதலில் லிட்மஸ் இருந்தது, பிறகு நியூட்ரல் ரெட் வந்தது. நாங்கள் குழாய்ச் சோதனைக்கு புரோமோகிரிசால் பர்ப்பிள் சேர்க்கிறோம். பெரியம்மா வீட்டுத் தண்ணீர் மஞ்சளானது அதனால்தான். நியூட்ரல் ரெட் போட்டு அகாரால் ஜெல்லியாக உறைய வைத்த பிளேட்டாக இருந்தால், லாக்டோஸ் உடைக்கும் கூட்டம் ஒவ்வொன்றும் ரோஜா நிறப் புள்ளியாக எழும். அமிலத்தில் பித்த உப்பு திரிந்து புள்ளியைச் சுற்றி மங்கலான ஒரு வளையமும் கட்டும். பக்கத்திலேயே நிறமில்லாத புள்ளி இருந்தால் அதைத்தான் அதிகக் கவலையோடு பார்க்க வேண்டும். சால்மோனெல்லா அந்த வேடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

இன்றைய மெக்கான்கி அகார் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். ஒரு லிட்டருக்குப் பெப்டோன் (செரித்த புரதம்) 20 கிராம், லாக்டோஸ் 10, உப்பு 5, பித்த உப்பு 1.5, நியூட்ரல் ரெட் 0.03, கிரிஸ்டல் வயலட் 0.001, அகார் 13.5 கிராம். கிரிஸ்டல் வயலட் ஒரு மில்லிகிராம்தான். அந்த வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் வகைகளை வாசலிலேயே நிறுத்த அதுவே போதும்.

அகாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் மீடியாவை உறைய வைக்க முதலில் ஜெலட்டினைத்தான் பயன்படுத்தினார்கள். உடல் சூட்டில் வைத்தால் அது உருகி ஓடிவிடும். சில பாக்டீரியாக்கள் அதையே தின்று கரைத்துவிடும். அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, கோடையிலும் தன் வீட்டு ஜெல்லி உருகாமல் இருக்க அகார் போடுகிறேன் என்று சொன்னார். ஜாவாவில் இருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கற்ற பழக்கம் அது. 1880-களின் தொடக்கம். இன்று வரை அகாரை விடச் சிறந்த பொருள் கிடைக்கவில்லை: கொதிநிலைக்குப் பக்கத்தில் உருகும், 40 டிகிரி வாக்கில் உறையும், 37 டிகிரியில் கல் மாதிரி நிற்கும். நோன்புக் காலத்தில் நம் ஊர் வீடுகளில் பாலும் சர்க்கரையும் போட்டு உறைய வைக்கிறார்களே கடல்பாசி, அதே பொருள்தான். மண்டபம், ராமேஸ்வரம் கரையில் பெண்கள் முகக் கண்ணாடியும் காலில் தட்டும் கட்டி மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகார் எடுக்கத்தான் போகிறது.

குழாய்ச் சோதனைக்குத் திரும்புவோம். பால் சர்க்கரை உடைந்தால் வாயு வரும் என்றேன். அதைப் பிடிக்கத்தான் அந்தக் கவிழ்ந்த குட்டிக் குழாய். ஹெர்பர்ட் டர்ஹாம் 1898-ல் கொண்டு வந்தது. மீடியா ஊற்றும்போது அதற்குள் காற்று இருக்கும். பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகும்போது காற்று வெளியேறி, ஆறும்போது திரவம் உள்ளே ஏறி நிரம்பிவிடும். சாம்பிள் விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே குமிழி இருக்கிற குழாயை ஓரமாக எடுத்து வைத்துவிட வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாமல் விட்டு, சுத்தமான தண்ணீருக்கு ஒருமுறை கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மறுபடி சோதித்துத் திருத்தினோம். அப்புறம் அந்தப் பழக்கத்தை விட்டதே இல்லை.

பதினைந்து குழாயை வைத்து எண்ணிக்கை சொல்வது நிகழ்தகவுக் கணக்கு. 1 மில்லியில் மூன்று குழாய் மாறி இரண்டு மாறாமல் நின்றால், ஏறக்குறைய அந்த அளவுக்கு ஒரு கிருமி என்கிற நிலையில் தண்ணீர் இருக்கிறது என்று ஊகிக்கலாம். மெக்ரேடி என்பவர் 1915-ல் இதைக் கணக்காக்கினார். எம்.பி.என்., அதாவது மிகச் சாத்தியமான எண்ணிக்கை, என்று ரிப்போர்ட்டில் போடுவது இதைத்தான். 80 என்று வந்தால் உண்மை 30-ஆகவும் இருக்கலாம், 200-ஐத் தொடவும் செய்யலாம். போன மாதம் 80, இந்த மாதம் 110, தண்ணீர் கெட்டுக்கொண்டே போகிறது என்று சிலர் வருத்தத்தோடு வருவார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே சொல்லிக்கொள்கிற வித்தியாசம் எதுவும் கிடையாது.

மஞ்சளாகிக் குமிழி வந்தாலும் அது ஊகம் மட்டுமே. லேபில் அதை அனுமானச் சோதனை என்போம். மாறிய குழாயிலிருந்து வளையக் கம்பியால் ஒரு துளி எடுத்து பிரில்லியன்ட் கிரீன் பித்தத் திரவத்தில் விட்டு, அங்கேயும் வாயு வருகிறதா என்று 48 மணி நேரம் வரை பார்க்க வேண்டும். அதோடும் முடியாது. கோலிஃபார்ம் என்பது ஒரு குடும்பப் பெயர், ஈ.கோலையோடு கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர் எல்லாம் அதற்குள் வரும். இவற்றில் சில மண்ணிலும் செடியிலும் சாதாரணமாக வாழ்பவை. குடலிலிருந்து வந்ததைப் பிரிக்க வெப்பத்தைப் பயன்படுத்துகிறோம். உயர்ந்த சூட்டில் வளர்கிறதா என்று பார்க்கும் வழியை 1904-ல் டச்சுக்காரர் ஐக்மன் காட்டினார். அவர் 46 டிகிரி வைத்தார், இப்போது 44.5. அரை டிகிரி கூடினாலோ குறைந்தாலோ விடை மாறிவிடும் என்பதால் இதைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்துச் செய்வார்கள். கூடவே இண்டோல் சோதனை: சில சொட்டு கோவாக்ஸ் கரைசல் விட்டதும் மேலே செர்ரிச் சிவப்பில் ஒரு வளையம் மிதந்தால் ஈ.கோலை. பெரியம்மா கிணற்றுக்கு அந்த வளையம் வந்தது. அது வருவதற்குள் நான்கு நாள் ஆகிவிட்டது.

இந்த நான்கு நாள்தான் பழைய முறையின் பெரிய குறை. விடை வருவதற்குள் ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். அதைக் குறைக்கத்தான் அடுத்தடுத்த முயற்சிகள். 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாள் வழியாக 100 மில்லியையும் இழுத்து, அந்தத் தாளையே மீடியாவின் மேல் படுக்க வைப்பது ஒன்று. ஒரே நாளில் புள்ளிகளை நேராக எண்ணலாம். நம் கலங்கலான மழைக்காலத் தண்ணீருக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

பெரிய மாற்றம் 1980-களில் வந்தது. கிருமி அமிலமும் வாயுவும் உண்டாக்கும்வரை காத்திருப்பதற்குப் பதில் அதன் நொதியையே பிடித்துவிடுவது. கோலிஃபார்மிடம் பீட்டா காலக்டோசிடேஸ் இருக்கிறது, ஈ.கோலையிடம் கூடுதலாகக் குளூகுரோனிடேஸ் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு தூண்டில். முதல் தூண்டில் உடைந்தால் தண்ணீர் மஞ்சளாகும். இரண்டாவது உடைந்தால் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் எட்பெர்க் உருவாக்கிய கோலிலர்ட் இந்த வகை. 24 மணி நேரத்தில் இரண்டு கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடும். அகார் வடிவத்தில் வரும் குரோமோஜெனிக் மீடியாவில் ஈ.கோலை கருநீலமாகவும் மற்ற கோலிஃபார்ம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். இன்றைய சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9308-1 இதைத்தான் வைத்திருக்கிறது. வேலை செய்ய அழகான மீடியா. விலை மட்டும்தான் கையைச் சுடும்.

இவற்றையெல்லாம் விட என் மனதுக்கு நெருக்கமானது நம் நாட்டிலேயே பிறந்த ஒரு குட்டிப் பாட்டில். குவாலியரில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் மஞ்சாவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1982-ல் வெளியிட்டது. உள்ளே ஒரு மடித்த காகிதம். அதில் பெப்டோன், பொட்டாசியம் பாஸ்பேட், இரும்பு அமோனியம் சிட்ரேட், சோடியம் தயோசல்பேட், அப்புறம் பித்த உப்புக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவும் சோப்பு வகையான டீப்பால். கோடு வரைக்கும் 20 மில்லி தண்ணீர் ஊற்றி மூடி, மனித உடல் சூட்டை ஒட்டிய இடத்தில் வைத்தால் போதும். நம் ஊர் வெயிலுக்கு அலமாரியே இன்குபேட்டர். தண்ணீர் கெட்டிருந்தால் முதலில் காகிதம் கறுக்கும், பிறகு பாட்டில் முழுக்கக் கரி மசியாகிவிடும். பெரும்பாலும் ஒரே இரவில் தெரிந்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று வைத்தார்கள். அவர்கள் கையில் கொடுக்கும் எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) பாட்டில் இந்த வம்சம்தான்.

இதிலும் கேள்வி என்ன என்று பார்க்க வேண்டும். தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்குகிற கிருமி இருந்தால், அது இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. சால்மோனெல்லா, புரோட்டியஸ், சிட்ரோபாக்டர், கிளாஸ்ட்ரிடியம் போன்றவை இதைச் செய்யும். ஈ.கோலை பொதுவாகச் செய்யாது! ஆகவே கறுத்த பாட்டில் சொல்வது ஈ.கோலையைப் பற்றி இல்லை, குடலில் அதோடு சேர்ந்து வாழும் மற்ற கூட்டத்தைப் பற்றி. இயற்கையாகவே முட்டை வாசனை அடிக்கிற சில ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் மலமே கலக்காமலும் அது கறுக்கும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பயன்படுத்தினால் எச்டூஎஸ் பாட்டிலுக்கு ஈடு கிடையாது. மாதம் ஒருமுறை நகரத்து லேபுக்குப் போகிற ஒரு சாம்பிளை விட, ஊருக்குள் மழை பெய்த மறுநாள் இருபது கிணற்றில் வைக்கிற இருபது பாட்டில் அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த மீடியாவுக்கும் எல்லை உண்டு. ஈ.கோலை ஓ157 என்ற கொடிய வகை 44.5 டிகிரியில் சரியாக வளராது, குளூகுரோனிடேஸும் காட்டாது. மேலே சொன்ன இரண்டு வலையிலிருந்தும் நழுவிவிடும். போர்ட்டோ ரிக்கோவின் மழைக்காட்டில் தரையிலிருந்து 30 அடி உயரத்தில், மரத்தில் ஒட்டி வளரும் செடியின் இலை மடிப்பில் தேங்கிய நீரிலேயே ஈ.கோலை கிடைத்தது. வெப்ப நாடுகளில் அது குடலுக்கு வெளியேயும் நாள் தள்ளுகிறது என்று அதிலிருந்து தெரிகிறது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பரவி நான்கு லட்சம் பேர் நோய்ப்பட்டார்கள். சுத்திகரித்த தண்ணீரின் கோலிஃபார்ம் விடை தரத்துக்குள்தான் இருந்தது. குளோரின் கோலிஃபார்மைக் கொல்லும், அந்த ஒட்டுண்ணியின் ஓட்டை அது அசைப்பதில்லை. 'கோலிஃபார்ம் இல்லை' என்ற வரியை 'எதுவுமே இல்லை' என்று வாசிக்கக் கூடாது.

என் அனுபவத்தில் தப்பான விடைகள் அதிகம் பிறப்பது சாம்பிள் பாட்டிலில். குளோரின் போட்ட தண்ணீரைச் சும்மா பாட்டிலில் பிடித்தால், லேபுக்கு வரும் வழியெல்லாம் குளோரின் வேலை செய்துகொண்டே வரும். குழாயடியில் இருந்த கிருமி எங்கள் மேஜைக்கு வருவதற்குள் செத்திருக்கும். அதைத் தடுக்கத்தான் கிருமி நீக்கிய பாட்டிலின் அடியில் கொஞ்சம் தயோசல்பேட் போட்டுக் கொடுக்கிறோம். அது தெரியாமல், சுத்தமாக இருக்கட்டும் என்று அக்கறையோடு பாட்டிலை இரண்டு தடவை அலசிவிட்டுப் பிடித்துத் தருவார்கள். அலசியதில் தயோசல்பேட் போய்விடும். பாட்டிலை அலசாதீர்கள், கழுத்தின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள், மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு வாருங்கள். ரிப்போர்ட் வாங்கும்போது எந்த முறையில் சோதித்தார்கள், எந்த மீடியா என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். முறையின் பெயரே இல்லாமல் 'இல்லை' என்று ஒரே சொல்லில் தட்டச்சு செய்து தந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளோடு நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா கிணற்றைச் சுற்றி வந்து பார்த்ததில், கல்லுக்கட்டின் அடியில் சிமென்ட் மேடை விரிந்து ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. பாத்திரம் கழுவும் தண்ணீரும், மழையில் கோழிக் கூண்டைக் கழுவி வரும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. கிணறு இரண்டு மீட்டர் விட்டம், தண்ணீர் நான்கு மீட்டர் ஆழம். ஏறக்குறைய 12,500 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் 31 கிராம். வாளியில் கரைத்து, கசடு அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் கிணற்றில் இறக்கினோம். ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்த சாம்பிளில் பதினைந்து குழாயும் கத்தரிப்பூ நிறம் மாறவில்லை. பெரியம்மாவை லேபுக்கே கூட்டி வந்து காட்டினேன். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த மஞ்சள்லாம் நாங்க குடிச்சதா?" என்று கேட்டார்.

பத்து நாள் கழித்து இன்னொரு மழை. மறுபடி சாம்பிள் எடுத்தேன். முதல் வரிசையில் இரண்டு குழாய் மஞ்சள், மற்றவை மாறவில்லை. கணக்கு 4-ஐ ஒட்டி வருகிறது. கொத்தனார் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் பெரியம்மா வீட்டில் குடிக்கிற தண்ணீர் அடுப்பில் கொதித்துத்தான் இறங்குகிறது.